என் வீட்டிலிருந்து ஒருவன் போதும்

கார்சன், கலிஃபோர்னியா
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய அண்ணன் மத்தாயோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை லோசா வணக்கத்தோடும் அன்போடும் எழுதுவது. குடும்பத் தலைவராக உங்களுக்குப் பட்டம் சூட்டிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதனால்தான் ‘மதிப்புக்குரிய’ என்று தொடங்கியிருக்கிறேன். படித்து முடிக்கும்போது இவளுக்கு மரியாதையே தெரியாது என்று சொல்வீர்கள். முதல் வரியாவது ஒழுங்காக இருக்கட்டும்.

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறீர்கள். அண்ணி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாசலில் படுத்திருக்கும் நாய் வரை எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்லப்போவது உங்களுக்கு மட்டும்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பழகியிருக்கிறேன். நான் நலம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டதால் நான் ஓட்டும் பஸ் டெப்போவில் நிற்கிறது. கத்தும் பிள்ளைகள் இல்லாமல் காது வெறிச்சென்று இருக்கிறது. அண்ணியின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல்லுங்கள். போன முறை அனுப்பியதை நீங்கள் உங்கள் முதுகுக்குப் போட்டுத் தீர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஃபேட்டுவை அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். என் வீட்டில் தங்கி, இங்குள்ள பள்ளிக்கூட அணியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடப்போகிறான் என்றீர்கள். கோச் கீனனிடம் பேசி முடித்தாகிவிட்டது என்றீர்கள். “லாஃபிய ஆளாக்கின மாதிரி இவனையும் ஆளாக்கிடு லோசா” என்றீர்கள். அதன் பிறகு என் பக்கமிருந்து சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அறுந்து போகவில்லை. நான்தான் வைத்தேன்.

என் பதில் இதுதான். ஃபேட்டு வரட்டும். என் அண்ணன் மகன் வந்தால் அவனுக்குக் கட்டில் உண்டு, தட்டு உண்டு, படிப்பு உண்டு. ஆனால் என் வீட்டில் இருந்துகொண்டு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இன்னொருவன்மேல் போய் மோத மாட்டான். என் வீட்டிலிருந்து ஒருவன் போதும்.

நீங்கள் என் மகன் லாஃபியைக் கடைசியாகப் பார்த்தது ஊரில் கோயிலுக்குக் கூரை போட்டுப் பிரதிஷ்டை செய்த அன்று. அந்தக் கூரை அவன் ஆடிச் சம்பாதித்த பணம். பாதி ஆராதனையில் எழுந்து வெளியே போனான் என்றும், குடித்திருந்தான் என்றும் இன்றுவரை பேசுகிறார்கள். அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. புதுத் தகரத்தில் பட்ட வெயில் அவன் கண்ணைக் குத்தியது. தலை பிளக்கிறது என்று மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அவனைத் தேடிப் போனது நான் ஒருத்திதான்.

இப்போது அவனுக்கு முப்பத்தேழு வயது. ஒன்பது வருடம் அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடியவன், டிவியில் அவன் பெயரைச் சொல்லும்போது நாக்குக் குழறிய அறிவிப்பாளர்களையெல்லாம் நாம் கேலி செய்து சிரித்தோமே, அந்த லாஃபி, போன மாதம் மூன்று தெரு தள்ளி இருக்கும் கடைக்குப் பால் வாங்கப் போனான். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “அம்மா, நான் எங்க இருக்கேன்னு சொல்லு.” நான் எப்படிச் சொல்ல? “சுத்திவர என்ன தெரியுதுன்னு சொல்லுடா” என்றேன். “கார் தெரியுது. கார் நிறைய தெரியுது” என்றான். கடை வாசலில், தன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

சில நாள் அவனுக்கு ஸ்பூன் தட்டில் படும் சத்தம்கூட ஆகாது. ஒரு நாள் சமையலறை அலமாரிக் கதவைக் குத்திப் பிளந்தான். பிறகு அவனே ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து, அழுதுகொண்டே அதைச் சரிசெய்தான். அவன் மனைவி கலாலா இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு சியாட்டிலுக்குப் போய்விட்டாள். புருஷனை விட்டுவிட்டு ஓடினவள் என்று ஊரில் யாராவது பேசினால், பெட்டி கட்டிக் கொடுத்தது மாமியார்தான் என்று சொல்லுங்கள். அந்தக் குழந்தைகள் அப்பாவுக்குப் பயந்து மேஜைக்கடியில் ஒளிவதை நான் பார்த்தேன்.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நான் பஸ்ஸைத் திடீரென்று நிறுத்தினால் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் பிள்ளைகள்தான் முன் சீட்டில் போய் இடித்துக்கொள்வார்கள். ஹெல்மெட் பஸ் மாதிரி. அது மண்டையைக் காக்கும், உள்ளே இருக்கும் மூளையைக் காக்காது. மயங்கி விழுந்த அந்த இரண்டு மூன்று பெரிய அடிகளை மட்டும் அவர் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் வாங்கி, உதறிவிட்டு எழுந்தானே, அந்தச் சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துதான் இப்படி ஆகியிருக்கும் என்கிறார். உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை என்றும் சொன்னார். எனக்குப் பரிசோதனை வேண்டாம். நான் அவனோடு வாழ்கிறேன்.

நம் போதகர் வந்து, “வீட்டுல ஜெபம் குறைஞ்சிடுச்சு லோசா, அதான்” என்றார். “உங்களுக்கு முட்டி மாத்தினப்போ ஜெபம் மட்டுமா பண்ணீங்க போதகரே? ஆஸ்பத்திரிக்கும்தானே போனீங்க?” என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதுவும் உங்கள் காதுக்கு வரும். நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

நானும் அரங்கத்தில் எழுந்து நின்று கைதட்டினவள்தான். அதனால் இப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஃபேட்டு வருவதானால் கோயிலுக்குப் போட நல்ல சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தனுப்புங்கள். அவன் அளவுக்கு இங்கே கிடைக்காது.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
லோசா

*

டுடுயிலா தீவு
ஆகஸ்டு

என் உடன்பிறந்தவள் லோசாவுக்கு,

உன் அண்ணன் மத்தாயோ எழுதுவது. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவன் என் மகன். ஆம், அனுப்பிவிட்டேன். நீ படிக்கும்போது அவன் உன் சமையலறையில் நின்று எதையாவது தின்றுகொண்டிருப்பான்.

உன் கடிதத்தை நான் தனியாகத்தான் படித்தேன். மூன்று முறை படித்தேன். லாஃபியை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. அவனுக்கு முதல்முதலில் பந்து வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனால் ஒருவனுக்கு வந்தது எல்லோருக்கும் வருமா? மீன் பிடிக்கப் போன நம் சித்தப்பா கடலோடு போனார். அதற்காக நாம் மீன் தின்பதை விட்டுவிட்டோமா?

நீ அங்கே போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இங்கே ஒரு பையனுக்கு என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டாய். பள்ளி முடித்தால் மீன் டின் தொழிற்சாலை. இல்லாவிட்டால் ராணுவம். ராணுவத்துக்குப் போன பையன்களில் எத்தனை பேரை நாம் கொடி போர்த்தி வாங்கினோம் என்று உனக்குத் தெரியும். அங்கே தலையில் அடி விழாதா? மைதானத்தில் விழுந்தால் தூக்கிவிட ஆளாவது உண்டு.

ஃபேட்டுவை நான் தள்ளவில்லை. அவனே கேட்கிறான். தலையணைக்குப் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு தூங்குகிறவன் அவன். இப்போது ஊரே அவனைப் பார்க்கிறது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் லாஃபியின் முகத்தைப் பெரிதாக வரையப்போகிறார்கள், பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். பட்டம் வாங்கிய முதல் வருடத்திலேயே நான் போய், “என் தங்கை விட மாட்டேங்குறா” என்று ஊர்ச் சபையில் சொல்ல வேண்டுமா? “உன் வீட்டையே ஆளத் தெரியல, ஊரை எப்படி ஆளுவ?” என்று கேட்பார்கள். நேருக்கு நேர் கேட்க மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். அது இன்னும் மோசம்.

நம் வழக்கம் எனக்குத் தெரியும். தங்கை அண்ணனுக்கு உடன்படிக்கை. அவள் வாய்விட்டு ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், எத்தனை பெரிய பட்டம் இருந்தாலும் அண்ணன் அதைத் தாண்டக்கூடாது. போன கடிதத்தில் நீ உன் வீட்டைப் பற்றித்தான் சொன்னாய். என் மகனைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லிவிடாதே. தலைவனாகக் கட்டளையிடவில்லை, அண்ணனாகக் கேட்கிறேன்.

ஐஸ் பெட்டியில் சேம்புக் கிழங்கும், தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட சேம்பு இலையும் இருக்கின்றன. அண்ணி செய்தது. லாஃபிக்குப் பிடிக்கும்.

கடவுள் உன்னைக் காப்பாராக.
மத்தாயோ

*

கார்சன், கலிஃபோர்னியா
அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

இந்த முறை ‘மதிப்புக்குரிய’ என்று போடவில்லை. அண்ணனாகக் கேட்கிறேன் என்றீர்கள். தங்கையாகவே பதில் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஃபேட்டு இப்போது நன்றாக இருக்கிறான். அதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

அவனை அழைக்க லாஃபியையும் கூட்டிக்கொண்டு விமான நிலையம் போனேன். அன்று லாஃபிக்கு நல்ல நாள். “யாருடா இது, மலை நடந்து வருதா?” என்று கத்தி, அத்தனை பேர் நடுவில் உங்கள் மகனைத் தூக்கிச் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். “லோசா, இது பையனா, ஃப்ரிட்ஜா?” என்றாள் ஒருத்தி. “ஃப்ரிட்ஜ்னா உள்ள ஏதாவது மிஞ்சும். இவன் வந்த நாள்லேருந்து என் வீட்டுல ஒண்ணும் மிஞ்சல” என்றேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே நம் அப்பாவுடையது.

வீட்டின் சட்டத்தை முதல் நாளே சொல்லிவிட்டேன். “சரி அத்தை” என்றான். மறுநாளே வியர்வையில் நனைந்த பனியனோடு வந்தான். எங்கே போனாய் என்றேன். “ஓட மட்டும்தான் அத்தை. கோச் பாக்கணும்னார். யார் மேலயும் மோதல” என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன். இருந்தும் என் சம்மதம் இல்லாமல் அவனை அணியில் சேர்க்க முடியாது, இங்கே அவனுக்குக் காப்பாளர் நான்தான் என்று கோச்சுக்குச் சொல்லி அனுப்பினேன்.

லாஃபியைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவன்தான் ஃபேட்டுவை வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய், எப்படிக் குனிந்து நிற்பது, எந்தக் காலில் பாரத்தை வைப்பது என்று கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். மருந்து சாப்பிட்டோமா என்று தெரியாதவனுக்கு அது மட்டும் ஒன்றுவிடாமல் தெரிந்திருந்தது. “பின்னாடி என்னடா உட்கார்ற, நாற்காலியா போட்டிருக்கு?” என்று அதட்டினான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஜன்னலுக்குள் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பார்த்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் விசில் ஊதினான். அவ்வளவுதான். லாஃபி குனிந்த நிலையிலிருந்து அப்படியே பாய்ந்தான். கற்றுக்கொடுக்கிறவன் பாய்கிற பாய்ச்சல் அல்ல அது. ஃபேட்டு இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தான். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. உங்கள் மகனின் தலை சிமெண்டுத் தரையில் போய் இடித்தது.

நான் கத்தியோடு ஓடினேன். உருளைக்கிழங்குக் கத்தி கையில் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. லாஃபி அவன்மேல் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தித் தெருவைப் பார்த்து உறுமினான். அங்கே கூட்டம் இல்லை அண்ணா. சைக்கிள் வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகள் பயந்துபோய் நின்றார்கள். பிறகு மெதுவாகக் கைகளை இறக்கினான். என்னைப் பார்த்தான். “அம்மா, இந்தப் பையன் யாரு? ஏன் இங்க படுத்திருக்கான்?” என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் ஃபேட்டுவுக்குப் பின்தலையில் தையல் போட்டார்கள். மூளை குலுங்கியிருக்கிறது, இருட்டான அறையில் ஓய்வெடுக்க வேண்டும், கொஞ்ச காலம் ஓடவோ குதிக்கவோ கூடாது என்றார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. உங்களுக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும் என்று கோபப்படுவீர்கள். சொல்ல வேண்டாம் என்று அழுதவன் உங்கள் மகன். “அப்பாவுக்குத் தெரிஞ்சா லாஃபி அண்ணன ஊரே திட்டும் அத்தை” என்றான். அவன் தலை தெளியும்வரை அவன் சொன்னபடி செய்தேன். இப்போது எனக்காக எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் லாஃபி ஃபேட்டுவின் தலைக்கட்டைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டான். சொன்னோம். தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுதான். அடுத்த நாள் மறந்துவிட்டு மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னோம். மறுபடியும் அழுதான். அதற்கடுத்த நாள் அவன் வாயைத் திறக்கும் முன்பே ஃபேட்டு, “படியில உருண்டுட்டேண்ணே. ஃப்ரிட்ஜு உருண்டா சும்மாவா?” என்றான். லாஃபி சிரித்தான். அன்றைக்கு உங்கள் மகனை நான் என் மகனாக எடுத்துக்கொண்டேன். இனி திருப்பிக் கேட்டாலும் முழுசாகத் தர மாட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கோச் கீனன் ஒரு டப்பா டோனட்டோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. லாஃபிக்கும் அவர்தான் கோச்சாக இருந்தார். லாஃபியின் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஃபேட்டுவிடம், “தலை எப்படி இருக்கு?” என்று கேட்டார். “நல்லா இருக்கு கோச். ஒண்ணுமே இல்ல” என்றான் ஃபேட்டு. அன்று காலையில்தான் வாந்தி எடுத்திருந்தான். கண் கூசுகிறது என்று ஜன்னல் திரையை அவனே இழுத்து விட்டிருந்தான். அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டுதான் ஒன்றுமே இல்லை என்று சொன்னான். லாஃபி டோனட்டை மென்றுகொண்டே, “நானும் அப்படித்தான் சொல்வேன்” என்றான். கோச் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

பிறகு பேச ஆரம்பித்தார். இப்போது விதிகள் மாறிவிட்டன, ஹெல்மெட் நன்றாக இருக்கிறது, பயிற்சியில் மோதலைக் குறைத்துவிட்டோம், இந்தப் பையன் கையில் பெரிய வாழ்க்கை இருக்கிறது என்றார். முழுவதையும் கேட்டேன். பிறகு கேட்டேன், “உங்க பையன் ஆடறானா கோச்?”

“இல்ல. அவங்க அம்மா வேண்டாம்னுட்டா.”

“அவ வேண்டாம்னா வேண்டாம். நான் வேண்டாம்னா டோனட் வாங்கிட்டு வந்து பேசுவீங்களா?”

அவர் முகம் சிவந்தது. “பையனோட அப்பா சம்மதிச்சிட்டாரே. அவர்தானே உங்க குடும்பத் தலைவர்?” என்றார்.

“அவர் தலைவர். நான் அவர் தங்கச்சி. எங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு இவன்கிட்டயே கேளுங்க” என்றேன்.

ஃபேட்டு தலையைத் தூக்கவில்லை. அவன் கண்ணில் நீர் நின்றது. அவனுக்கு என்மேல் அவ்வளவு ஆத்திரம். ஆனாலும் நீங்கள் வளர்த்த பிள்ளை. “அத்தை வேண்டாம்னு சொல்லிட்டா அப்பாவால ஒண்ணும் செய்ய முடியாது கோச்” என்றான். கோச் எழுந்து போனார். டோனட் முழுவதையும் லாஃபி தின்று தீர்த்தான்.

ஆகவே அண்ணா, எந்தச் சொல்லைச் சொல்லாதே என்று கேட்டீர்களோ அதை இங்கே ஒரு முறை சொல்லிவிட்டேன். உங்களுக்கும் என் கையெழுத்திலேயே சொல்கிறேன். வேண்டாம். என் அண்ணன் மகன் இந்த ஆட்டம் ஆட வேண்டாம். இதனால் ஊர்ச் சபையில் உங்களுக்கு வரும் வெட்கத்தை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். தங்கை பிடிவாதக்காரி, பைத்தியக்காரி, அமெரிக்கா போய்க் கெட்டுவிட்டாள் என்று சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

தொழிற்சாலையும் ராணுவமும்தானே இருக்கிறது என்று எழுதினீர்கள். உண்மை. இந்த ஆட்டத்தையும் சேர்த்து அந்த மூன்றில் ஒன்றைத்தான் நம் பையன்களுக்குக் கொடுப்போம் என்று யாரோ முடிவு செய்தால், நாமும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஃபேட்டு பள்ளியில் டீசல் எஞ்சின் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். என் பஸ்ஸின் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டு, “அத்தை, பிரேக்கு தேஞ்சிருக்கு” என்கிறான். டெப்போ மெக்கானிக்கும் அதையே சொன்னார். சுவரில் இதற்கெல்லாம் படம் வரைய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

சுவர் என்றதும் சொல்கிறேன். லாஃபியின் முகத்தை வரையட்டும். ஆனால் பழைய போட்டோவைப் பார்த்து வரைய வேண்டாம். ஓவியரை இங்கே அனுப்புங்கள். கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து, வீடு எங்கே என்று தேடுகிற முகத்தைப் பார்த்து வரையட்டும். பக்கத்துக் காலி இடத்தைக் காலியாகவே விடட்டும்.

கோச் போன பிறகு ஃபேட்டு என்னோடு பேசவில்லை. கதவை அறைந்து சாத்தினான். தட்டைக் கழுவாமல் வைத்தான். நானும் விட்டுப்பிடித்தேன். பிறகு ஒரு மாலையில் அவனும் லாஃபியும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். லாஃபியின் அந்தப் பெரிய ஆட்டம் இருக்கிறதே, கடைசி நிமிடத்தில் எதிராளியை வீழ்த்திப் பந்தைப் பிடுங்கினானே, ஊரில் எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறீர்களே, அதை ஃபேட்டு போனில் ஓடவிட்டான். “அண்ணே, அந்த நேரத்துல உனக்கு என்ன தோணுச்சு?” என்று கேட்டான்.

லாஃபி கொஞ்ச நேரம் பார்த்தான். “எனக்குத் தெரியாதுடா” என்றான். “நான் அங்க இருந்தேன்னு சொல்றாங்க. சட்டையில நம்பர் என்னுதுதான். ஆனா எனக்கு அது கிடையாது. நீ வச்சிருக்க, ஊர்ல வச்சிருக்காங்க. என்கிட்ட இல்ல.” பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பெரியவ பொறந்ததும் கிடையாது. கலாலா சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரில நான்தான் முதல்ல தூக்கினேனாம்” என்றான். அழவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னான்.

அன்று ஃபேட்டு சமையலறைக்கு வந்து, நான் கழுவிய பாத்திரங்களைத் துடைத்து வைத்தான். அவன் மனம் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். பந்து இன்னும் அவன் கட்டிலில்தான் இருக்கிறது. பதினெட்டு ஆகும்போது அவன் என்னைத் தாண்டிப் போகலாம். போனால் வாசலில் நின்று சண்டை போடுவேன். தோற்றாலும் சத்தமாகத் தோற்பேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தாள் என்று ஆகக்கூடாது. தன் காலத்துக்குப் பிறகு தன் மூளையை எடுத்து ஆராய்ந்து பார்க்கட்டும் என்று லாஃபி மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறான். நல்ல தெளிவோடு இருந்த நாளில் அவனே எடுத்த முடிவு. நானும் கூட இருந்தேன். உடம்பு முழுசாக நம் மண்ணுக்கு வரவில்லையே என்று ஊரில் பேசுவார்கள். உயிரோடு இருக்கும்போதே அவன் முழுசாகத் திரும்பி வரவில்லை. அப்போது யாரும் கேட்கவில்லை. அந்த நாள் வந்தால், வீட்டுக்கு முன்னால் நம் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுங்கள். மற்றதைப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி, பட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாலும் சரி. என்னிடம் கத்துங்கள், நானும் கத்துகிறேன், பிறகு சேர்ந்து சாப்பிடுவோம். லாஃபியோடு ஒரு வாரம் இருங்கள். காலையில் மாமா என்று கட்டிப்பிடிப்பான். மதியத்தில் நீங்கள் யார் என்று கேட்டாலும் கேட்பான். ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லுங்கள். சலித்துக்கொள்ளாமல் சொன்னால் போதும், அவனுக்கு அது பிடிக்கும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருடைய தலைமேலும் ஆண்டவர் தம் கையை வைத்துக் காக்கட்டும். உங்கள் தலைமேலும்தான். அடுத்த வருடம், பண்டிகைக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள் அண்ணா. அவன் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் காலைகள் இன்னும் இருக்கின்றன.

உங்கள் தங்கை,
லோசா